பாட்டி கட்டிய பத்து வெள்ளி



சென்ற மாதம் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தோம். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார் மட்டும் வாசலில் தயங்கி நின்றார். கையில் ஒரு வண்ணத்தாள்.

"டீச்சர், இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன். தாமானுக்கு ஒருத்தர் வந்து குடுத்துட்டுப் போனாரு. ஆயிரம் வெள்ளி கட்டினா செம்பனை நெலத்துல பங்காம். நாமளே மொதலாளி ஆகலாமாம். கட்டலாமா?"

வாங்கிப் பார்த்தேன். பழுத்த செம்பனைக் குலையின் படம் இருந்தது. சிரிக்கும் குடும்பத்தின் படம் இருந்தது. நிலம் எந்த ஊரில் இருக்கிறது என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. "வேண்டாம்மா" என்று அப்போதே சொல்லி அனுப்பியிருக்கலாம். வாய் வரவில்லை. காரணம், என் பாட்டியிடமும் ஒரு காலத்தில் இதே பேச்சைப் பேசினார்கள். 'கூலியாகவே கிடக்காதீர்கள், பணம் போட்டுத் தோட்டத்தை நீங்களே வாங்குங்கள்' என்றார்கள். பாட்டி நம்பிக் கட்டினார். அது ஏமாற்று வேலை அல்ல. உண்மையிலேயே தோட்டங்களை வாங்கினார்கள்.

நல்ல பேச்சும் கள்ளப் பேச்சும் ஒரே சொற்களில் வருமானால், பிரித்தறிவது எப்படி? அந்தத் தாயாருக்கு அன்று நான் முழுப் பதில் சொல்லவில்லை. இந்த மாதப் பக்கத்தை அதற்கே வைத்துக்கொள்கிறேன்.

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் பெரட்டு, பிறகு நிரை, பிறகு தோளில் காண்டா போட்டு இரண்டு வாளிப் பாலுடன் ஸ்டோருக்கு நடை. என் தாயாருக்கு ஆறு வயதிருக்கும்போது அந்தத் தோட்டம் விற்கப்பட்டது. வாங்கியவர்கள் அதைத் தோட்டமாக வைத்துக்கொள்ளவில்லை. சந்தையில் மீனைக் கூறு வைப்பதுபோல் கூறு வைத்து விற்றுவிட்டார்கள். லயம் ஒருவருடைய கூறில், ஆயாக்கொட்டகை இன்னொருவருடைய கூறில், முனியாண்டி கோயில் மூன்றாமவருடைய கூறில் விழுந்தது. தண்ணீர்க் குழாயைப் பழுதுபார்ப்பது யார் என்று கேட்டால் ஆளுக்கு ஆள் கையைக் காட்டினார்களாம். சட்டி பானை, கோழிக்கூண்டு எல்லாவற்றையும் ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு வேறு தோட்டத்திற்குப் போனதை அம்மா இன்றைக்கும் சொல்வார். அந்தக் கோயில் மணியைக் கழற்றிக்கொண்டு வந்தவர்கள் உண்டாம்.

இது ஒரு தோட்டத்தின் கதை மட்டும் அல்ல. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் மலாயா முழுவதும் நடந்தது. உலகப் போர் முடிந்தது. 1948இல் அவசரகாலம் வந்தது. அதுவே நம் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதோடு தொடங்கியதுதானே! பிறகு 1957இல் நாடு சுதந்திரம் பெற்றது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் சிலவற்றுக்கு, பழைய மரங்களை அழித்து மறுநடவு செய்து ஆறேழு ஆண்டு காத்திருப்பதைவிட, விற்றுப் பணமாக்கி எடுத்துச் செல்வதே லாபமாகத் தோன்றியது. வாங்கிய வணிகர்களுக்கோ, மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்பதில் லாபம். இதற்குத் 'தோட்டத் துண்டாடல்' என்று பெயரே வந்துவிட்டது. மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் உங்கு அஜிஸ் இதைப் பற்றி ஒரு பெரிய ஆய்வே எழுதினார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். விற்றவர் யாரும் சட்டத்தை மீறவில்லை. வாங்கியவரும் மீறவில்லை. அவரவர் தமக்கு லாபமானதைச் செய்தார்கள். ஆனால் இரண்டு தலைமுறையாக அந்த மண்ணில் வாழ்ந்தவர்களுக்கு அந்த வியாபாரத்தில் பேச இடமே இல்லை. முதலாளித்துவம் கொடியது, நல்லது என்று மேடையில் வாதம் செய்கிறோமே, எனக்கு அதன் முகம் இந்த இடத்தில்தான் தெரிகிறது. விலைபேசும் மேசையில் நமக்கு நாற்காலி இல்லை. ஈப்போ வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1985இல் இலண்டனில் ஈயச் சந்தை விழுந்தபோது கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடியதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்த மேசையில் நாற்காலி போட முயன்றவர் துன் வீ.தி. சம்பந்தன். 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அவருடைய தந்தை வீராசாமி 1896இல் தமிழ்நாட்டிலிருந்து வந்து, உழைத்துத் தோட்டம் வாங்கியவர். ஆக, ஒரு தோட்ட முதலாளியின் மகன்தான் தொழிலாளர்களைப் பார்த்து நீங்களும் முதலாளி ஆகுங்கள் என்றார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. அப்போது அவர் அமைச்சர். இருந்தும் தோட்டந்தோட்டமாகச் சென்று பெரட்டுக்களத்திலும் கோயில் வாசலிலும் பேசினார். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்கு வாங்குங்கள், துண்டாட வரும் தோட்டத்தை நாமே முழுசாக வாங்குவோம் என்பதுதான் பேச்சு. மறு ஆண்டே, 1961இல், கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அதன்பின் பத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் வந்தன. துன் 1979இல் காலமானார். சங்கம் இன்றும் இருக்கிறது, நிலமும் இருக்கிறது.

பாட்டி பிறகு குடியேறிய தோட்டத்தில்தான் அந்தச் சங்கத்தில் சேர்ந்தார். "ஏன் பாட்டி சேர்ந்தீங்க? மறுபடியும் லாரி ஏற வேண்டாம்னா?" என்று ஒரு முறை கேட்டேன்.

"பின்னே? மூணு நாள் வேர்வைடி அந்தப் பத்து வெள்ளி. ஒங்க தாத்தா சாராயத்துக்குக் கேட்டப்ப கூட நான் குடுக்கல."

தாத்தாவைப் பற்றி அச்சில் எழுதுவதற்கு அவர் மன்னிப்பாராக.

பாட்டியின் பணம் வாங்கிய தோட்டம் பாட்டி வேலை செய்த தோட்டம் அல்ல. அவர் ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை. ஆனாலும் லாப ஈவு வரும்போது, "நம்ம தோட்டத்துப் பணம்" என்றுதான் சொல்வார். வேறொருவரின் மரத்தை வாழ்நாள் முழுவதும் வெட்டிய பெண் வாயில் அந்தச் சொல் எப்படி இனித்திருக்கும்!

இனி, அந்த வண்ணத்தாளுக்கு வருவோம். கூட்டுறவுச் சங்கத்துக்கும் மற்றப் பங்குத் திட்டங்களுக்கும் என்ன வேற்றுமை?

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 1844இல் 28 பேர் ஒரு சிறு கடை திறந்தார்கள். பலர் நெசவாளிகள். ஆளுக்கு ஒரு பவுன் போட்டு மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் வாங்கி விற்றார்கள். அங்கிருந்துதான் இன்றைய கூட்டுறவுச் சட்டங்களின் அடிப்படை வந்தது. ஆளுக்கு ஒரு வாக்கு. நீ ஆயிரம் வெள்ளி போட்டாலும் நான் பத்து வெள்ளி போட்டாலும் பொதுக்கூட்டத்தில் என் கையும் உன் கையும் ஒன்று. கம்பெனியில் அப்படி இல்லை. அங்கே பங்குக்கு ஒரு வாக்கு. நிறைய வைத்திருப்பவர் சொல்வதே நடக்கும்.

நம் சமுதாயம் இரண்டையும் பார்த்துவிட்டது. 1980களில் மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற நிறுவனத்துக்காக 66,000 பேருக்கு மேல் 10 கோடியே 60 இலட்சம் வெள்ளி திரட்டிக் கொடுத்தார்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்தவர்கள் உண்டு. சிறிய சமுதாயம், பெரிய தொகை. எதிர்பார்த்த வளர்ச்சி வரவில்லை. 1990இல் நடந்த டெலிகொம் பங்கு ஒதுக்கீட்டைப் பற்றிக் கிளம்பிய சர்ச்சை பல ஆண்டு ஓயவில்லை. கடைசியில் 2010இல் ஒரு தனியார் நிறுவனம் பங்குக்கு 80 காசு விலை கொடுத்து வாங்கிக்கொள்ள முன்வந்தது. இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் காத்திருந்தவர்களுக்குப் போட்ட வெள்ளி அப்படியே திரும்புவதுகூடக் கனவாயிற்று.

அதற்காகக் கூட்டுறவு என்று பெயர்ப்பலகை மாட்டியதெல்லாம் புனிதம் என்று நினைத்துவிடவேண்டாம். 1986இல் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்களை அரசாங்கம் முடக்கியது நினைவிருக்கலாம். அவையும் ஆளுக்கு ஒரு வாக்கு உள்ள சங்கங்கள்தாம். கை தூக்க யாரும் கூட்டத்துக்குப் போகவில்லை என்றால், வாக்கு இருந்து என்ன பயன்?

இன்னொரு கேள்வியும் எனக்கு உண்டு. பாட்டியிடம் அதைக் கேட்க எனக்குத் துணிவு இருந்ததில்லை. சங்கம் வாங்கிய தோட்டத்திலும் காலையில் பெரட்டு உண்டு. கிராணி உண்டு, மேனேஜர் உண்டு, கூலியும் உண்டு. தூரத்தில் பங்கு வைத்திருக்கும் என் பாட்டிக்கு லாப ஈவு கூடவேண்டும். அந்தத் தோட்டத்தில் மரம் வெட்டும் இன்னொரு பாட்டிக்குக் கூலி கூடவேண்டும். இரண்டும் ஒரே மரத்துப் பால்தானே? ஒன்றுக்கு அதிகம் கொடுத்தால் மற்றதற்குக் குறையும். ஏழைகள் கூடி முதலாளி ஆனாலும் இந்த இழுபறி தீர்ந்துவிடுவதில்லை.

அப்படியானால் மரம் வெட்டுபவரே அந்தத் தோட்டத்தின் பங்குதாரராக இருந்தால்? அதையும் நம்மவர்கள் செய்து பார்த்திருக்கிறார்கள், இங்கே அல்ல, கேரளத்து மூணாறில். அந்தத் தேயிலை மலையில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். நம் முன்னோர் கப்பல் ஏறிய அதே காலத்தில், அவர்களின் முன்னோர் மலை ஏறியவர்கள். 2005இல் டாட்டா தேயிலைக் கம்பெனி அந்தத் தோட்டங்களை நடத்துவதிலிருந்து விலகி, கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி என்ற புதிய நிறுவனத்திடம் ஒப்படைத்தது. பங்குகளில் பாதிக்கு மேல் அங்கு வேலை செய்பவர்கள் கையில். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் பங்குதாரர் ஆனார்கள். தொழிலாளியே முதலாளி என்று உலகமெங்கும் புகழ்ந்தார்கள்.

பத்தாண்டு கழித்து, 2015 செப்டம்பரில், அதே தோட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கொழுந்துக் கூடையை வீசிவிட்டு மூணாறு சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். காரணம், தேயிலை விலை விழுந்ததால் போனஸை 10 விழுக்காடாகக் குறைத்துவிட்டார்கள். தங்கள் சொந்தக் கம்பெனியை எதிர்த்தே மறியல்! பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் அந்தப் பெண்கள் விரட்டிவிட்டார்கள். எல்லாரும் ஆண்கள், எல்லாருக்கும் நல்ல வீடு என்று குற்றம் சாட்டினார்கள். ஒன்பது நாளில் 20 விழுக்காடு கிடைத்தது. அதற்குப் பின் மறுபடி போராடி, 232 ரூபாயாக இருந்த நாள் கூலியை 301 ஆக்கினார்கள். கேட்டது 500.

அந்தப் பெண்களிடம் பங்குப் பத்திரம் இருந்தது. கணக்குப் புத்தகத்தைப் புரியும்படி எடுத்துச் சொன்னவர் யார்? போனஸைக் குறைக்க முடிவு செய்த அறையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள்? விலை விழுந்தது உண்மை, நான் மறுக்கவில்லை. நஷ்டத்தைத் தாங்கச் சொல்லும்போது மட்டும் 'நீங்களும் முதலாளிதானே' என்று நினைவூட்டினால் கோபம் வராதா?

நன்றாக நடக்கும் இடமும் இல்லாமல் இல்லை. ஸ்பெயினில் மொண்ட்ராகன் என்ற மலையூரில் ஒரு பாதிரியாரின் மாணவர்கள் 1956இல் அடுப்பு செய்யும் சிறு பட்டறை தொடங்கினார்கள். இன்று அது பல்லாயிரம் பேர் வேலை செய்யும் கூட்டுறவுக் குடும்பம். வேலை செய்பவர்கள் ஆளுக்கு ஒரு வாக்குப் போட்டு நிர்வாகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உயர்ந்த சம்பளம் குறைந்த சம்பளத்தைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்குக்கு மேல் போகாமல் வைத்திருக்கிறார்கள். அங்கேயும் மழை பெய்யும்: 2013இல் அவர்களுடைய பெரிய தொழிற்சாலை ஒன்று திவாலானது. வேலை இழந்தவர்களில் பலருக்கு மற்றக் கூட்டுறவுகள் இடம் கொடுத்தன. எனக்குப் பிடித்தது அதுதான்.

இவ்வளவும் பங்கு போடுபவர்களின் கதை. பங்கு போடப் பத்து வெள்ளிகூட மிஞ்சாதவர்களுக்குச் சட்டம்தான் துணை. இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கி, 2025இல் 1,700 ஆகியிருக்கிறது. நாள் கூலிக்கும் மழை நாளுக்கும் பயந்து வாழ்ந்த தோட்டத்து மக்கள், மாதச் சம்பளம் வேண்டும் என்று எத்தனை ஆண்டு ஊர்வலம் போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சும்மா வந்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. என் பள்ளிக்குப் போகும் வழியில் செம்பனைத் தோட்டம். குலை வெட்டுபவர்கள் இப்போது பெரும்பாலும் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும். நம் பிள்ளைகள் தாமானுக்கும் தொழிற்சாலைக்கும் போய்விட்டார்கள். நல்லதுதான். ஆனால் கடன் வாங்கி ஏஜெண்டுக்குப் பணம் கட்டி வந்து, அந்தக் கடனை அடைக்கவே உழைப்பவனைப் பார்க்கும்போது எனக்குக் கங்காணி காலம்தான் ஞாபகம் வருகிறது. 2020இல் அமெரிக்கா, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி, சைம் டார்பி தோட்ட நிறுவனத்தின் செம்பனை எண்ணெயைத் துறைமுகத்திலேயே நிறுத்தியது. அதன்பின் அந்த நிறுவனம், தொழிலாளர்கள் ஏஜெண்டுகளுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தர 8 கோடி வெள்ளிக்கு மேல் ஒதுக்கியது. 2023இல் தடை நீங்கியது. வாங்குபவர் கதவைச் சாத்தினால் விற்பவர் திருந்துகிறார் என்பதற்கு இது ஓர் அத்தாட்சி. நாம் ஒரு தோட்டத்தில் பங்கு வாங்கினால், அந்த இளைஞனுக்கு நாம்தான் துரை. இதையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

அந்தத் தாயாருக்கு அன்று நான் செய்தது இவ்வளவுதான். மாணவர் பயிற்சிப் புத்தகத்திலிருந்து ஒரு தாள் கிழித்து எழுதிக் கொடுத்தேன். இது கூட்டுறவா, கம்பெனியா? கூட்டுறவு என்றால் மலேசியக் கூட்டுறவு ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, பதிவு எண் என்ன? நிலத்தின் கிராண்டு யார் பெயரில்? அதன் நகலைக் காட்டுவீர்களா? போன ஆண்டின் தணிக்கைக் கணக்கு எங்கே? பொதுக்கூட்டம் எப்போது, எந்த ஊரில், எனக்கு ஒரு வாக்கு உண்டா? நான் விலக நினைத்தால் என் பணம் எத்தனை நாளில் வரும்? அங்கே வேலை செய்பவர்கள் யார், அவர்களுக்கு என்ன சம்பளம்? மாதாமாதம் இவ்வளவு லாபம் என்று உறுதி சொன்னால், விலை விழும் மாதத்தில் அது எங்கிருந்து வரும்? கடைசிக் கேள்வியின் கீழே கோடு போட்டேன். பால் விலையோ செம்பனை விலையோ மாதாமாதம் ஒரே மாதிரி இருந்ததை நம்மில் யார் பார்த்திருக்கிறோம்?

இரண்டு வாரம் கழித்து மகளை விட வந்தபோது சொன்னார். "டீச்சர், அந்த ஆள் வந்தாரு. நீங்க எழுதினதக் கேட்டேன். 'என்னக்கா இவ்வளவு கேள்வி கேக்கறீங்க, நம்பிக்கைதானே முக்கியம்'னாரு. அடுத்த வாரம் எல்லாம் எடுத்துட்டு வரேன்னு போனாரு. இன்னும் வரல." சிரித்துவிட்டு, பிறகு கேட்டார்: "ஆமா டீச்சர், உங்க பாட்டியோட பங்கு இருக்குதுல்ல? அது இப்ப யார் பேருல இருக்கு? கூட்டத்துக்கு யார் போறீங்க?"

என்னிடம் பதில் இல்லை. அன்று மாலை அம்மாவும் நானும் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். தலைப்பு மங்கிப்போன புத்தகம், சேலை மடிப்பில் பத்திரமாக இருந்தது. பாட்டி காலமாகிப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. வாரிசு என்று எழுதியிருந்த இடத்தில் தாத்தாவின் பெயர். அவர் பாட்டிக்கு முன்பே போய்விட்டார். மாற்றி எழுதிக் கொடுக்க வீட்டில் படித்த ஒருத்தி இருந்தேன். ஒரு முறைகூடச் செய்யவில்லை. பொதுக்கூட்ட அழைப்பு ஏதாவது வந்திருந்தாலும், பழைய தோட்டத்து விலாசத்துக்குத்தான் போயிருக்கும்.

இரண்டு பேருடைய இறப்புச் சான்றிதழ்களையும் அம்மாவின் பிறப்புச் சூராவையும் எடுத்து வைத்திருக்கிறோம். பள்ளி விடுமுறை தொடங்கிய முதல் திங்கட்கிழமை, ஈப்போவிலிருந்து காலை ரயிலில் கோலாலம்பூர் போகிறோம். அம்மாவுக்கு விஸ்மா துன் சம்பந்தனை ஒரு முறை பார்க்கவேண்டுமாம்.